பொதுவழியும் பொதுக்கிணறும்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

மணி அடிக்கும் முன்பே வகுப்பறையில் வந்து அமர்ந்திருக்கும் மாணவரை ஆசிரியர்கள் பெரிதும் விரும்புவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியப் பணியில் இருந்த நானும் அதற்கு விலக்கல்லேன். மணி அடித்த பின் நுழையும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திக் காரணம் கேட்டதுண்டு. காரணம் சொல்லத் தெரியாமல் நின்றவரை இன்னும் சற்று நேரம் நிற்க வைத்ததும் உண்டு. ஓய்வு பெற்ற பின் சிறிய நூலொன்றைப் படித்தபோது அந்த நாள்களை எண்ணி நாணினேன். 1939ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்பது அந்நூல். எழுதியவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

கோயம்புத்தூர்க் கலாசாலையில் தாம் படித்த காலத்தை அவர் அதில் மிகச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர். பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அந்தணர். நெருங்கிப் பழகினால் குலமும் இருப்பிடமும் கேட்பார்கள். தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் செல்வாராம். வகுப்பு கலைந்ததும் மற்றப் பிள்ளைகள் எட்ட முடியாதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்துவிடுவாராம். அவர்களோடு கூடி விளையாட இயலாத கொடுமையை நினைந்து மனங்கலங்கியதையும் அவர் மறைக்கவில்லை. எண்பது வயதை நெருங்கிய ஒருவர், அரசரின் அவைவரை சென்று வந்த ஒருவர், தம் வாழ்வை எழுத அமர்ந்தபோது மறவாமல் எழுதியது அந்த விளையாட்டைத்தான்.

பருத்திப்பட்டில் வாழும் நாம் இவரை அயலார் என்று எண்ண வேண்டுவதில்லை. இன்று ஆவடி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம் என்று முகவரி எழுதுகிறோம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அதற்கு முன் பூந்தமல்லியும் ஆவடியும் பருத்திப்பட்டும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அதே ஜில்லாவில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஐ ஒட்டிய ஓர் ஆண்டின் சூலைத் திங்கள் 7ஆம் நாளில் பிறந்தவர் சீனிவாசனார். இரட்டைமலை என்பது ஊர்ப்பெயர் என்று கருதுவோர் உளர். அது அவர் தந்தையாரின் பெயர்.

அக்காலச் செங்கற்பட்டு எப்படி இருந்தது என்பதை அறிய, ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891இல் எழுதிய அறிக்கை உதவுகிறது. பறையர் குலத்து மக்கள் குடியிருந்த குடிசையின் அடிமண்கூட அவர்களுக்கு உரிமையன்று. நிலக்கிழார் விரும்பாவிடில் மறுநாளே வெளியேற வேண்டும். சிறு கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைப்பை அடகு வைத்தவர் பலர் என்பன அவ்வறிக்கை காட்டும் செய்திகள். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே பின்னர்ப் ‘பஞ்சமி நிலம்’ என்று வழங்கலாயிற்று. அந்நிலங்கள் பின்னர் யார் யார் கைக்குப் போயின என்பது வேறொரு நெடுங்கதை.

நீலகிரியில் ஆங்கில வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பத்தாண்டுகள் பணியாற்றிய சீனிவாசனார், 1890இல் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் இதழொன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லைத் தெருவில் பிறர் வசையாக வீசினார்களோ அதனையே முகப்பில் அச்சிட்டார். இன்னான் என்று தன்னை வெளிப்படுத்திக்கொண்டு வந்து நின்றாலன்றி உரிமை கேட்க இயலாது என்பது அவர் கருத்து. பள்ளியில் தம் பெயரும் குலமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஓடிய சிறுவனை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைப் பார்த்தால்தான் அதன் துணிவு விளங்கும். திங்களிதழாகத் தொடங்கியது சில மாதங்களிலேயே வார இதழாயிற்று.

நம் அன்பர்கள் பலர் திருக்குறள் ஆராய்ச்சி வழியாக அயோத்திதாசப் பண்டிதரை அறிவர். பண்டிதர் சீனிவாசனாரின் சகோதரியை மணந்தவர் என்பதைச் சிலரே அறிவர். ‘பறையன்’ என்னும் பெயரே பகைவர் சூட்டியது, அதனை உதற வேண்டும் என்பது பண்டிதர் கொள்கை. மைத்துனரோ அப்பெயரைக் கொடியாக உயர்த்தினார். ஒரே குடும்பத்தில் ஒரே நோக்கத்திற்கு இரு வழிகள். இருவரில் யார் வழி சரி என்று நான் தீர்ப்புக் கூற முற்படவில்லை.

சீனிவாசனார் செய்தவற்றுள் என் தலைமுறையினருக்கு எளிதில் செரிக்காத ஒன்று உண்டு. அதனை மறைப்பது முறையன்று. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசனார் அதனை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார். விடுதலைப் போராட்ட வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படித்தும், பிறகு நானே அதனைப் பாடமாக நடத்தியும் வளர்ந்த எனக்கு, இது நாட்டிற்கு எதிரான செயலாகவே முதலில் பட்டது. இங்கே தேர்வு நடந்தால் அக்காலத்தில் யார் வெல்வர், வென்று கலெக்டராய் வந்து அமர்பவரிடம் தம் மக்கள் எப்படி முறையிடுவர் என்பது அவர் எழுப்பிய வினா. நானூறு பேரில் பத்துப்பேர் என்னும் கணக்கு அவர் மனத்தில் இருந்திருக்கும். அந்தக் கணக்கைக் கண்ட பின் எனக்கும் முன்போல் கோபம் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அங்கே வழக்கறிஞர் காந்தியாரையும் அறிந்திருந்தார். 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமன உறுப்பினரானார். வயது அறுபதைக் கடந்திருந்தது; நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது. அவருடைய பெரும்பணி அதன் பிறகே தொடங்கிற்று.

1924 ஆகஸ்டு 22ஆம் நாள் அவர் சட்டமன்றத்தில் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பொருள் இது: எந்த வகுப்பைச் சேர்ந்தவராயினும் ஊரிலோ நகரத்திலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் வழியிலும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியங்கள் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றிற்கு, மேற்சாதி இந்துக்கள் செல்லுமாறே, அவர்களுக்குள்ள அளவிலேயே, எவரும் செல்லலாம். இதனை அரசின் கொள்கையாக ஏற்க வேண்டும் என்று கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த திங்களிலேயே, செப்டம்பர் 25ஆம் நாளிட்ட 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது.

இதைப் படிக்கும் இளைய தலைமுறையினர், ‘நடப்பதற்குமா தீர்மானம்?’ என்று வியக்கக்கூடும். அக்காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதே 1924 மார்ச்சில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் பொதுக்கிணறுகளைப் பற்றி போலே என்பவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20ஆம் நாள். குளத்து நீர் யாருக்கு என்னும் வழக்கு உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. அமெரிக்காவில் கருப்பின மக்கள் பேருந்தில் விரும்பிய இருக்கையில் அமரும் உரிமைக்காக மான்ட்கோமரி நகரத்தில் பேருந்துகளைப் புறக்கணித்தது 1955 டிசம்பரில். சென்னைத் தீர்மானத்திற்கு முப்பத்தோராண்டு பின்னர்.

ஆணை பிறந்ததும் வழி திறந்துவிடவில்லை. 1924 நவம்பரிலேயே, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில், அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவ மக்கள் தாக்கப்பட்டனர். கலகம் வரும் என்று காரணங்காட்டி, நடப்பவரைத் தடுக்கும் உத்தரவே அங்குப் பிறந்தது. தடுப்பவரைத் தண்டிக்கச் சட்டம் இல்லாதவரை ஆணை தாளில்தான் இருக்கும் என்பது விளங்கிற்று. செங்கற்பட்டு ஜில்லாவின் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா கொண்டுவந்த குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம் 1938இல் சென்னையில் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, உணவகம் முதலியவற்றோடு கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று ஒரு பட்டியல் வரும். அவ்விடங்களில் எக்குடிமகனையும் சாதி முதலியவற்றின் பெயரால் தடுத்தல் கூடாது என்கிறது அது. சீனிவாசனாரின் தீர்மானத்தையும் இப்பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தேன். சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம். ஒன்றிலிருந்து மற்றது நேரே எடுக்கப்பட்டது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆயினும் ஒரே தாகத்தில் பிறந்த இரு பட்டியல்கள் அவை.

1955 சனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியதை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வர். தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1955இல்தான். 1976இல் அச்சட்டத்தின் பெயரைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாற்றினார்கள். உயிர் வாழ நீரும் நடக்க வழியும் கேட்பது குடியுரிமை என்பதைச் சட்டப் புத்தகம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் 1930லும் 1931லும் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராகச் சீனிவாசனார் கலந்துகொண்டதையும், மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்ததையும் பலர் விரித்து எழுதியுள்ளனர். 1932இன் பூனா ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமும் உண்டு. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வந்தன. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். விடுதலையைக் காண அவருக்கு இன்னும் ஈராண்டு வாழ்நாள் வேண்டியிருந்தது.

இம்மலரில் இவரைப் பற்றி எழுத என்ன தேவை என்று அறக்கட்டளை அன்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடையாக எனக்கு நினைவில் வருவது ஒரு கிணறு.

நம்மில் பெரும்பாலோர் வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வந்து குடியேறியவர்கள். என் முன்னோர் ஊரும் அப்பகுதியில்தான். ஜினாலயத்திற்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டுக் கிணறு. என் பாட்டியார் விரதம் வழுவாதவர். பொழுது சாய்ந்த பின் ஒரு பருக்கை உண்ணார். நீர் இறைத்ததும் மடித்த வெண்துணியில் வடிகட்டுவார். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடிந்துவிடலாகாதே என்று, அதனைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிறிது நீர் விட்டு, அதே கிணற்றில் மெல்ல இறக்கிக் கழுவுவார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அத்தனை பரிவு. 1967 அல்லது 1968ஆக இருக்கலாம், அறுவடைக் காலம். களத்தில் வேலை செய்த பெண்ணொருத்தி நீர் கேட்டு வந்தார். கிணற்றுமேடையருகே வரவில்லை, வேலியோரம் நின்று இரு கைகளையும் குவித்துக் குனிந்தார். பாட்டியார், வடிகட்டிய அதே தூய நீரை, செம்பை உயரத் தூக்கி, எட்ட நின்று ஊற்றினார். பாதி நீர் மண்ணில் சிந்தியது. ஏன் செம்பைக் கையில் கொடுக்கவில்லை என்று கேட்டேன். ‘வழக்கம்’ என்றார். கடிந்துகூடச் சொல்லவில்லை. அரசாணை பிறந்து அன்றைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

பாட்டியாரைக் குறை கூற இதனை எழுதவில்லை. அவரினும் அன்புள்ள ஒருவரை நான் கண்டதில்லை. நம் வீடுகளின் பழைய கிணறுகளை நினைத்துப் பார்ப்பவர்களில் இதனை முற்றிலும் மறுக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்பதே என் ஐயம். நிலம் நம்மிடம் இருந்தது. கிணறும் நம்மிடம் இருந்தது. ஊர் வழக்கமும் நம்மோடு சேர்ந்தே இருந்தது.

முதுகலை வகுப்பில் சீவக சிந்தாமணியைப் பாடமாகக் கேட்டபோது குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நிகழ்ச்சி வந்தது. நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்த கதைதான். அந்தணர் படைத்து வைத்த சோற்றைத் தீண்டிவிட்டது என்று ஒரு நாயை அடித்துக் குற்றுயிராக்கிவிடுகின்றனர். சீவகன் அதன் செவியில் மந்திரம் ஓதுகிறான். அது தேவனாகிச் சுதஞ்சணன் என்னும் பெயரோடு திரும்பி வந்து அவனுக்கு உற்ற துணையாகிறது. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ளற்க. தீண்டியது என்பதற்காக ஓர் உயிரை அடிப்பதே அக்கதையில் குற்றம், தீண்டியது குற்றமன்று. திருத்தக்கதேவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை எழுதிவிட்டார். நாமும் அதனைப் போற்றிப் படித்தோம். படித்த வீட்டிலேயே செம்பும் உயர்ந்தது. ஜினர் அறமுரைக்கும் சமவசரணத்தில் தேவர், மனிதர், விலங்கு என எல்லா உயிர்க்கும் இடமுண்டு என்று நம் பிள்ளைகளுக்கு ஓவியம் காட்டிச் சொல்கிறோம். அங்கே வேலியோரம் நின்றவர் எவரும் இல்லை.

பின்னாளில் பாட்டியார் எங்களோடு ஆவடிக்கு வந்து இருந்தார். தெருமுனையில் நகராட்சியின் அடிகுழாய். எல்லா வீட்டாரும் குடத்தை வரிசையில் வைப்பர். பாட்டியாரும் வைத்தார். முன்னால் யார், பின்னால் யார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பின்னால் நின்ற பெண் குழாயை அடித்துக் கொடுக்க, இவர் குடத்தை நிரப்பிக்கொள்வார். வீட்டிற்கு வந்து வழக்கம்போல் வடிகட்டுவார். மனம் மாறியதா, ஊர் மாறியதா என்று நான் கேட்கவில்லை. இன்று கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்தக் குழாயடி வரிசையைச் சட்டத்தின் எந்தப் பிரிவு காத்து நின்றது என்பதை அன்று நானும் அறியேன்.

சீனிவாசனாருக்கு 2000ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டனர். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது; பிறந்தநாளான சூலை 7 அன்று அரசு சார்பில் மாலை அணிவிக்கப்படுகிறது. சென்ற ஆண்டு தனியே சென்று வந்தேன். அன்றைய மாலைகள் வாடிக் கிடந்தன; என்னைத் தவிர அங்கு நின்றவர்கள் மிகச் சிலரே. நம் ஞாயிறு வகுப்பில் படிக்கும் பிள்ளைகளிடம் இவர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மார்ட்டின் லூதர் கிங் பெயரை மூவர் சொன்னார்கள், மகிழ்ச்சிதான். கோழியாளம் நம் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தொலைவு.

வரும் சூலை 7 அன்று பிள்ளைகளைக் கிண்டிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்கா வாயிலிலிருந்து காலை 8 மணிக்கு வண்டி புறப்படும். பெற்றோரும் வரலாம், பக்கத்துத் தெருப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம். பகலுணவைச் சகோதரிகள் இருவர் பொறுப்பேற்றுள்ளனர். வடிகட்டிய குடிநீரும் குவளைகளும் நான் எடுத்து வருகிறேன்.